லினக்ஸில் சீரியல் போர்ட்டை எனேபிள் செய்வது: எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

கேட்கப்பட்டது இது: யூஎஸ்பி-சீரியல் கேபிளை ஒரு லினக்ஸ் கணினியில் செருகினால் போர்ட் ஒரு நொடி தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறது. இன்னொரு கணினியில் போர்ட் நிலையாக வருகிறது, ஆனால் சுடோ (ரூட் எனப்படும் நிர்வாகியின் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டால்தான் திறக்கிறது. மூன்றாவதாக, ஒரு மதர்போர்டிலேயே இருக்கும் பழைய ஒன்பது முள் போர்ட் டிடிஒய்எஸ்0 என்ற பெயரில் தெரிகிறது, ஆனால் அதில் ஒரு எழுத்துகூட வரவில்லை. இவற்றுக்கெல்லாம் டிரைவரை எங்கே இறக்குவது, போர்ட்டை எப்படி எனேபிள் செய்வது?

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது உரிய ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிரைவர் விஷயத்தை முடித்துவிடுவோம். எங்கேயும் எதையும் இறக்காதீர்கள். விண்டோஸில் பழகியவர்களுக்குச் சிப் தயாரித்தவரின் தளத்துக்குப் போய் டிரைவர் தேடுவதுதான் முதலில் தோன்றும். லினக்ஸில் அதற்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. இந்த கேபிள்களுக்குள் இருக்கும் சிப்புகளில் அநேகமானவை எஃப்டிடிஐ, சிபி210எக்ஸ், பிஎல்2303, சிஎச்340 என்ற நான்கு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவை. நான்குக்குமான டிரைவர்களும் பல வருடங்களாகக் கர்னலோடு (லினக்ஸின் மையக் கருவோடு) சேர்ந்தே மாட்யூல்களாக, அதாவது தேவைப்படும்போது ஏற்றும் துண்டுகளாக, வருகின்றன. ஆர்டுயினோ யூனோ போன்ற சில போர்டுகளுக்கு இந்த நான்கில் எதுவும் தேவையில்லை. அவை சிடிசி-ஏசிஎம் என்ற பொதுவான முறையில் பேசுகின்றன, போர்ட்டும் டிடிஒய்யூஎஸ்பி0 என்பதற்குப் பதிலாக டிடிஒய்ஏசிஎம்0 என்று வரும். தளத்திலிருந்து இறக்கும் மூலநிரல் மூட்டை பழைய கர்னலுக்கு எழுதப்பட்டதாக இருக்கும், பல நேரம் கம்பைலே ஆகாது. தப்பித்தவறி ஆகிவிட்டாலும் அடுத்த கர்னல் அப்டேட்டில் உடையும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பம் இல்லாத மாட்யூல் என்று கர்னல் அதை ஏற்றவே மறுத்துவிடும். ஏற்கெனவே இறக்கி நிறுவியிருந்தால் முதலில் அதை நீக்குங்கள், அதன் பிறகு இங்கே வாருங்கள்.

நான் சொல்லவருவது ஒன்றுதான். லினக்ஸில் போர்ட்டை எனேபிள் செய்ய ஒற்றை சுவிட்ச் கிடையாது. ஐந்து கண்ணிகள் கோத்த ஒரு சங்கிலி இருக்கிறது. சாதனம் கணினியின் கண்ணில் பட வேண்டும். கர்னல் அதற்கு ஒரு டிரைவரைக் கட்ட வேண்டும். டெவ் அடைவில் அதற்கு ஒரு கோப்பு பிறக்க வேண்டும். அந்தக் கோப்பைத் திறக்க உங்கள் கணக்குக்கு உரிமை இருக்க வேண்டும். திறந்த பிறகு இரண்டு முனைகளும் ஒரே வேகத்தில், ஒரே முறையில் பேச வேண்டும். உங்கள் மூன்று கணினிகளிலும் அறுந்திருப்பது மூன்று வெவ்வேறு கண்ணிகள். அதனால் ஒன்றில் பலித்த வைத்தியம் மற்றதில் பலிக்காது.

எந்தக் கண்ணி என்பதைப் பிழைச்செய்தியே சொல்லிவிடும், அதைப் படிக்காமல் கடந்துபோகிறோம் என்பதுதான் சிக்கல். 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வந்தால் கோப்பே பிறக்கவில்லை, கோளாறு முதல் மூன்று கண்ணிகளில் இருக்கிறது. 'பெர்மிஷன் டினைட்' என்றால் மூன்றும் சரி, நான்காவதுதான் பாக்கி. யூஎஸ்பி போர்ட் என்றால், சாதனத்தைப் பொறுத்தவரை எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்றால் வேறொரு நிரல் உங்களுக்கு முன்னால் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'இன்புட்/அவுட்புட் எரர்' வந்தால் கோப்பு இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் உயிருள்ள வன்பொருள் இல்லை. பெர்மிஷன் டினைட் என்று வந்த கணினியில் டிரைவர் தேடி ஒரு நாளைச் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செய்தி வந்துவிட்டால் டிரைவரை மறந்துவிடலாம்.

இப்போது முதல் கணினி. கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு டெர்மினலில் டிமெசேஜ் (டி-எம்-இ-எஸ்-ஜி) கட்டளையை டபிள்யூ கொடியுடன் (சிறுகோடு போட்டு டபிள்யூ) ஓடவிடுங்கள். சில டிஸ்ட்ரோக்களில் (உபுண்டு, ஆர்ச் போன்ற லினக்ஸ் தொகுப்புகளில்) இதற்கே சுடோ கேட்கும். கர்னல் பேசுவது எல்லாம் அந்தத் திரையில் வரிவரியாக ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே கேபிளைச் செருகுங்கள். இந்தச் சில நொடிகள்தான் முழு நோயறிதலும்.

ஒரு வரிகூட வரவில்லை என்றால் மென்பொருளைத் தொடவே வேண்டாம், முதல் கண்ணியே அறுந்திருக்கிறது. சார்ஜ் செய்வதற்கென்றே வரும் மைக்ரோ-யூஎஸ்பி கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டும் இருக்கும், தரவுக்கான இரண்டும் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினிக்கோ எதுவும் தெரியாது. விளக்கு எரிகிறதே, பிறகென்ன என்று நம்பி ஒரு மாலை முழுவதும் மாட்யூல்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கேபிளை மாற்றியதும் அடுத்த நொடியே போர்ட் வந்தது. அதிலிருந்து, எதைத் தொடுவதற்கு முன்பும் கேபிளை மாற்றிப் பார்க்கிறேன், ஹப் இருந்தால் அதைத் தவிர்த்து நேராகச் செருகிப் பார்க்கிறேன்.

வரிகள் வந்தால் அவற்றில் இரண்டைத் தேடுங்கள். ஒன்று ஐடிவெண்டர், ஐடிபிராடக்ட் என்று இரண்டு பதினாறடிமான எண்களைக் காட்டும் வரி. எல்எஸ்யூஎஸ்பி கட்டளையும் இதே இரட்டை எண்ணைத்தான் காட்டும். 0403:6001 என்றால் எஃப்டிடிஐ, 10சி4:இஏ60 என்றால் சிபி210எக்ஸ், 067பி:2303 என்றால் பிஎல்2303, 1ஏ86:7523 என்றால் சிஎச்340. பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி, கர்னல் இந்த எண்ணை மட்டுமே பார்த்து டிரைவரைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டாவது, 'கன்வர்ட்டர் நவ் அட்டாச்டு டு டிடிஒய்யூஎஸ்பி0' என்று முடியும் வரி. அது வந்துவிட்டால் இரண்டாவது கண்ணி சேர்ந்துவிட்டது, மூன்றாவதும் கிட்டத்தட்ட அதோடு முடிந்த மாதிரிதான்.

போர்ட் வந்து மறைகிறது என்றீர்களே, உங்கள் கேபிளில் இருப்பது சிஎச்340 சிப்பாகவும் கணினியில் இருப்பது உபுண்டு 22.04 ஆகவும் இருந்தால், திரையில் இந்த நாடகம் நடப்பதைப் பார்ப்பீர்கள். அட்டாச்டு வரி வரும். ஓரிரு நொடிக்குள் 'இன்டர்ஃபேஸ் 0 கிளெய்ம்டு பை சிஎச்341' என்று தொடங்கி பிஆர்எல்டிடிஒய் என்ற பெயரைச் சுட்டும் ஒரு வரி வரும். உடனே டிஸ்கனெக்டெட் என்ற வரி. பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் திரைகளை இயக்கும் நிரல். சில பிரெயில் திரைகளுக்குள்ளும் இதே சிஎச்340 சிப்தான் இருக்கிறது, இதே 1ஏ86:7523 எண்தான். பார்க்க முடியாத ஒருவர் திரையைச் செருகியதும் அது தானாகவே உயிர்பெற வேண்டும் என்பதற்காக, இந்த எண் வந்தால் உடனே எடுத்துக்கொள் என்று ஒரு யூடெவ் விதி (சாதனம் செருகியதும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் விதி) எழுதி வைத்திருக்கிறார்கள். நோக்கத்தில் எந்தத் தவறும் இல்லை. எண் பொதுவானது என்பதால் உங்கள் கேபிளையும் அது பிரெயில் திரை என்று எண்ணிப் பிடித்துக்கொள்கிறது.

தீர்வு, அந்தக் கணினியை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பிரெயில் திரை பயன்படுத்துபவர் யாரும் இல்லை என்றால் பிஆர்எல்டிடிஒய் பொதியை நீக்கிவிட்டு, கேபிளைக் கழற்றிச் செருகுங்கள், முடிந்தது. பொதுக் கணினி என்றால் தயவுசெய்து நீக்காதீர்கள். இன்னொருவருக்குக் கணினியைப் பயன்படுத்த இருக்கும் ஒரே வழி அதுவாக இருக்கலாம். யூஎஸ்ஆர், அதற்குள் லிப், அதற்குள் யூடெவ், அதற்குள் ரூல்ஸ்.டி என்ற அடைவில் அந்த நிரலின் பெயருடன் இருக்கும் விதிக் கோப்பை, பெயரை மாற்றாமல், இடிசி, அதற்குள் யூடெவ், அதற்குள் ரூல்ஸ்.டி என்ற அடைவுக்கு நகலெடுங்கள். நகலில் 1ஏ86/7523 வரும் வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி (#) இட்டு அந்த வரியை முடக்குங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் இடிசியில் இருப்பதுதான் செல்லும், அதனால் அடுத்த அப்டேட்டும் உங்கள் திருத்தத்தை அழிக்காது.

இதைப் போலவே இன்னொன்று மோடம்மேனேஜர். டிடிஒய்ஏசிஎம் போர்ட் எதையாவது கண்டால், ஒருவேளை இது மொபைல் மோடமாக இருக்குமோ என்று திறந்து ஏ, டி என்று தொடங்கும் கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். செருகியதும் சில நொடிகள் பிஸி என்று வந்து பிறகு தானாகச் சரியானால், அல்லது உங்கள் மைக்ரோகண்ட்ரோலருக்கு நீங்கள் அனுப்பாத எழுத்துகள் போய்ச் சேர்ந்தால், இதன் வேலைதான். புதிய பதிப்புகளில் இந்தத் துருவல் குறைந்திருக்கிறது. மோடம் எதுவும் இல்லாத கணினியில் அந்தச் சேவையையே நிறுத்திவிடலாம். இல்லையென்றால் உங்கள் சாதனத்துக்கான யூடெவ் விதியில் ஐடி_எம்எம்_டிவைஸ்_இக்னோர் என்ற மாறிக்கு 1 என்று கொடுத்தால் போதும்.

எண்கள் வருகின்றன, அட்டாச்டு வரி மட்டும் வரவில்லை என்றால் டிரைவர் கட்டப்படவில்லை. அப்போதும் இறக்கப் போகாதீர்கள், மாட்யூலைக் கையால் ஏற்றிப் பாருங்கள். மோட்புரோப் கட்டளையுடன் சிஎச்341 என்றோ எஃப்டிடிஐ_எஸ்ஐஓ என்றோ கொடுங்கள். மாட்யூல் கிடைக்கவில்லை என்று அது சொன்னால், நான் முதலில் சந்தேகிப்பது நடுவில் நடந்த கர்னல் அப்டேட்டை. அப்டேட் செய்துவிட்டு ரீபூட் செய்யாமல் விட்டால் சில டிஸ்ட்ரோக்களில், குறிப்பாக ஆர்ச்சில், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்குரிய மாட்யூல் அடைவு வட்டிலிருந்தே போய்விடும். யூநேம் கட்டளையை ஆர் கொடியுடன் ஓட்டினால் வரும் பதிப்பெண்ணும் லிப் அடைவில் உள்ள மாட்யூல்ஸ் அடைவுக்குள் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறு வேறாக இருந்தால் ரீபூட்தான் மருந்து.

இரண்டும் ஒன்றாகவே இருந்தால், அந்தக் கர்னலில் இந்த டிரைவர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. பூட் அடைவில் கான்ஃபிக் என்று தொடங்கி உங்கள் கர்னல் பதிப்போடு முடியும் ஒரு கோப்பு இருக்கும். அதில் யூஎஸ்பி_சீரியல் என்று கிரெப் கட்டளையால் தேடுங்கள். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு வரி இருக்கும். சமன்குறிக்குப் பின் எம் என்று இருந்தால் மாட்யூலாக இருக்கிறது, ஒய் என்று இருந்தால் கர்னலுக்குள்ளேயே கலந்திருக்கிறது, 'இஸ் நாட் செட்' என்று இருந்தால் இல்லை. எனேபிள் என்ற சொல் அதன் நேர்ப்பொருளில் பொருந்துவது இந்த ஓர் இடத்தில்தான். கர்னலை நீங்களே கம்பைல் செய்பவராக இருந்தால் மெனுகான்ஃபிகில் டிவைஸ் டிரைவர்ஸ், அதற்குள் யூஎஸ்பி சப்போர்ட், அதற்குள் யூஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர் சப்போர்ட் என்று போய் உரியதை எம் ஆக்குங்கள். உபுண்டுவில், குறிப்பாக மெய்நிகர் கணினிகளுக்கான சுருக்கக் கர்னல்களில், இந்த மாட்யூல்கள் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்ற தனிப் பொதியில் இருக்கும். கம்பைல் செய்ய உட்காருவதற்கு முன் அதை நிறுவிப் பாருங்கள்.

அரிதாக, சிப் பழைய குடும்பத்ததுதான் என்றாலும் எண் புதிதாக இருக்கும். தயாரித்தவர் தன் சொந்த எண்ணைப் பதித்திருப்பார், டிரைவரின் பட்டியலில் அது இருக்காது. மாட்யூலை ஏற்றிவிட்டு, சிஸ் அடைவுக்குள் பஸ், யூஎஸ்பி-சீரியல், டிரைவர்ஸ், டிரைவரின் பெயர் என்ற வழியில் இருக்கும் நியூ_ஐடி கோப்பில், ரூட்டாக, அந்த இரண்டு எண்களையும் நடுவில் ஒரு இடைவெளி விட்டு எழுதுங்கள். எழுதிய கணத்தில் டிரைவர் அந்தச் சாதனத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வரி எழுதியதும் கண்முன்னே போர்ட் பிறப்பதைப் பார்ப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. இது ரீபூட் வரைதான் நிற்கும், நிரந்தரமாக்க யூடெவ் விதியில் இதே எழுத்தைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது கணினிக்கு வருவோம். சுடோவுடன் திறக்கிறது என்றால் நான்காவது கண்ணி மட்டுமே பாக்கி. எல்எஸ் கட்டளையை எல் கொடியுடன் அந்த டெவ் கோப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள். வரி சி என்ற எழுத்தில் தொடங்கும், அது எழுத்தெழுத்தாகப் பேசும் சாதனம் என்பதன் அடையாளம். அடுத்து உரிமைகள்: உரிமையாளருக்குப் படிக்க, எழுத, குரூப்புக்குப் படிக்க, எழுத, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. உரிமையாளர் ரூட். குரூப் டெபியன், உபுண்டு, ஃபெடோராவில் டயல்அவுட், ஆர்ச்சில் யூயூசிபி. தொலைபேசி மோடம் வழியே வெளியே அழைக்கும் உரிமை யாருக்கு என்று பார்த்த காலத்துப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தக் குரூப்பில் உங்கள் கணக்கைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சேர்ப்பது யூசர்மாட் கட்டளை. அதில் சிறிய ஏ, பெரிய ஜி என்ற இரண்டு கொடிகளையும் சேர்த்தே கொடுங்கள். சிறிய ஏ-யை விட்டுவிட்டால், இருப்பதோடு சேர் என்பது போய், இது மட்டும் போதும் என்று பொருளாகிவிடும். உங்கள் கணக்கு சுடோ குரூப் உட்பட மற்ற எல்லாக் கூடுதல் குரூப்புகளிலிருந்தும் வெளியேறிவிடும். எனக்கு அது நேர்ந்திருக்கிறது. ரெகவரி மோடில் ரூட்டாக நுழைந்துதான் சுடோ உரிமையை மீட்க முடிந்தது. கட்டளை ஓடிய பிறகு லாக்-அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள், புதிய டெர்மினல் திறப்பது மட்டும் போதாது. சேர்த்துவிட்டேன், இன்னும் பெர்மிஷன் டினைட் என்கிறது என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். ஐடி கட்டளையைத் தனியாக ஓட்டினால் இந்த அமர்வில் செல்லுபடியாகும் குரூப்புகள் வரும், உங்கள் பயனர் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் பதிவேட்டில் உள்ளவை வரும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் நீங்கள் இன்னும் பழைய அமர்வில் இருக்கிறீர்கள்.

இதற்குப் பதிலாகச் சிஎச்மாட் 666 போடுங்கள், 777 போடுங்கள் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். டெவ் அடைவில் இருப்பவை வட்டில் கிடக்கும் கோப்புகள் அல்ல. கேபிளைக் கழற்றினால் கோப்பு அழிந்து, செருகினால் புதிதாகப் பிறக்கும், நீங்கள் கொடுத்த உரிமையும் அதோடு போய்விடும். சுடோவிலேயே வேலையை ஓட்டுவது இதைவிட மோசம். ஆர்டுயினோ ஐடிஇ போன்ற ஒன்றை ஒருமுறை ரூட்டாக ஓட்டினால், உங்கள் ஹோம் அடைவில் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் விழுந்துவிடலாம். அடுத்த நாள் சாதாரணமாகத் திறக்கும்போது போர்ட்டோடு சம்பந்தமே இல்லாத புதுப் பிழைகள் கிளம்பும்.

ஸ்னாப் வழியாக நிறுவிய நிரல் என்றால் குரூப் சரியாக இருந்தும் திறக்காமல் போகலாம். அதற்குத் தனி வேலி இருக்கிறது, அந்த நிரலுக்கு உரிய இன்டர்ஃபேஸை ஸ்னாப் கனெக்ட் மூலம் இணைக்க வேண்டும். டாக்கர் கண்டெய்னர் என்றால் ஓட்டும்போதே டிவைஸ் என்ற தேர்வில் போர்ட்டைக் குறிப்பிட வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் உங்கள் கணக்கு விபாக்ஸ்யூசர்ஸ் குரூப்பில் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டாவது கேபிள் வந்ததும் கேட்பீர்கள். டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயர் நிரந்தரம் அல்ல. எது முதலில் வந்ததோ அதற்கு 0. ஒரு நிரல் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும்போது கேபிள் அசைந்து மீண்டும் இணைந்தால், பழைய எண் இன்னும் பிடியில் இருப்பதால் புதியது 1 ஆக வரும், உங்கள் ஸ்கிரிப்ட் 0-வைத் தேடி நிற்கும். டெவ் அடைவுக்குள் சீரியல், அதற்குள் பை-ஐடி என்று ஒரு அடைவு இருக்கிறது. அதில் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் சேர்ந்த நீளமான பெயர்கள் இருக்கும், ஸ்கிரிப்டில் அந்தப் பெயரை எழுதுங்கள். சிஎச்340 சிப்புகளில் வழக்கமாக வரிசை எண் இருப்பதில்லை. ஒரே மாதிரி இரண்டு இருந்தால் பை-ஐடியில் இரண்டும் ஒரே பெயருக்கு மோதும். அப்போது பை-பாத் அடைவைப் பயன்படுத்துங்கள், அது எந்த யூஎஸ்பி துளையில் செருகியது என்பதை வைத்துப் பெயரிடும். சொந்தப் பெயர் வேண்டும் என்றால் யூடெவ் விதி எழுதி சிம்லிங்க் (அதே போர்ட்டைச் சுட்டும் மாற்றுப்பெயர்) கொடுக்கலாம். எழுதும்போது, ஒப்பிடுவதற்கு இரட்டைச் சமன்குறி, கொடுப்பதற்கு ஒற்றை என்பதை மறந்துவிடாதீர்கள். ஒப்பிடும் இடத்தில் ஒற்றை விழுந்தால் விதி நீங்கள் நினைத்தபடி வேலை செய்யாது. விதியைச் சேமித்த பிறகு யூடெவ்ஏடிஎம் கண்ட்ரோல் கட்டளையில் ரீலோட் கொடுத்து, கேபிளைக் கழற்றிச் செருகுங்கள்.

மூன்றாவது கணினியின் ஒன்பது முள் போர்ட்தான் இவற்றில் நுட்பமானது. ஏனென்றால் இங்கே டெவ் கோப்பு பொய் சொல்லும். யூஎஸ்பியில் சாதனம் வந்தால்தான் கோப்பு வரும். மதர்போர்டு போர்ட்டுக்கு அப்படி இல்லை. 8250 என்ற டிரைவர், வன்பொருள் இருக்கிறதோ இல்லையோ, டிடிஒய்எஸ்0 தொடங்கி வரிசையாகக் கோப்புகளை உருவாக்கி வைத்துவிடும். சில டிஸ்ட்ரோக்களில் 4, சிலவற்றில் 32. டிடிஒய்எஸ்0 தெரிகிறது என்பதை வைத்துப் போர்ட் இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

உண்மை இருக்கும் இடம் புரோக் அடைவுக்குள் டிடிஒய், அதற்குள் டிரைவர், அதற்குள் சீரியல் என்ற கோப்பு. சுடோவுடன் கேட் கட்டளையை ஓட்டி அதைப் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பின்னால் யூஆர்ட் (சீரியல் போர்ட்டை இயக்கும் சிப்) என்று இருக்கும். அங்கே 16550ஏ என்றும், போர்ட் 3எஃப்8, ஐஆர்க்யூ 4 என்றும் வந்தால் வன்பொருள் உயிருடன் இருக்கிறது, இரண்டாவது போர்ட்டுக்கு அது 2எஃப்8, 3. அன்னோன் என்று வந்தால் அது வெறும் பெயர்ப்பலகை. அப்போது செய்ய வேண்டியது பயாஸுக்குள் போய் சீரியல் போர்ட் டிஸேபிள் ஆகியிருக்கிறதா என்று பார்த்து எனேபிள் செய்வது. பல மதர்போர்டுகளில் போர்ட் பின்பக்கம் வெளியே வராமல், பலகையிலேயே பத்து முள் ஹெடராக இருக்கும், அதிலிருந்து ஒன்பது முள்ளுக்கு ஒரு சிறு கேபிள் போகும். அந்த கேபிளில் இரண்டு வகைக் கம்பி வரிசைகள் உண்டு, பார்க்க ஒன்று போலவே இருக்கும். வேறொரு கணினியிலிருந்து கழற்றிப் போட்ட கேபிள் என்றால் மல்டிமீட்டரால் முள்ளுக்கு முள் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

16550ஏ என்று வந்தும் எழுத்து வரவில்லை என்றால், யாராவது அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கர்னல் கட்டளை வரியில் கன்சோல் என்று டிடிஒய்எஸ்0 குறிப்பிடப்பட்டிருந்தால் சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நடத்தும் நிரல்) தானாகவே அங்கே ஒரு லாகின் சேவையைத் தொடங்கிவிடும். நீங்கள் அனுப்பும் எழுத்துகளைப் பயனர் பெயர் என்று எண்ணி அது விழுங்கிக்கொண்டிருக்கும். புரோக் அடைவில் இருக்கும் சிஎம்டிலைன் கோப்பில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிரப் (கர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரல்) அமைப்பிலிருந்து எடுத்துவிட்டு, கிரப்பைப் புதுப்பித்து ரீபூட் செய்யுங்கள். பிசிஐஇ கார்டு போட்டு போர்ட் கூட்டியிருந்தால் அவை பெரும்பாலும் டிடிஒய்எஸ்4 முதல் வரும். வரவில்லை என்றால் கர்னலுக்கு 8250.என்ஆர்_யூஆர்ட்ஸ் என்ற அளவுருவில் பெரிய எண் ஒன்றைக் கொடுங்கள்.

கடைசிக் கண்ணி பேச்சு. இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை, எதிர்முனையைக் கழற்றிவிட்டு, ஒன்பது முள் பிளக்கில் 2-ஆம் முள்ளையும் 3-ஆம் முள்ளையும் ஒரு சிறு கம்பியால் இணைப்பது. ஒன்று வாங்குவது, மற்றது அனுப்புவது. பிகோகாம் நிரலில் போர்ட்டைத் திறந்து ஏதாவது அடியுங்கள். அடித்த எழுத்து திரையில் வந்தால் உங்கள் கணினியும் கேபிளும் முழுக்கச் சரி, கம்பியை எடுத்ததும் எழுத்து நின்றுவிட வேண்டும். அதற்கு மேலும் எதிர்ச்சாதனம் பேசவில்லை என்றால் தேட வேண்டியது அந்தப் பக்கம்தான். மினிகாம் என்ற இன்னொரு நிரலில் இதே சோதனையைச் செய்து எழுத்து வரவில்லை என்றால் பதற வேண்டாம். அதில் வன்பொருள் ஃப்ளோ கண்ட்ரோல் இயல்பாகவே ஆனில் இருக்கும், இரண்டே கம்பி இணைத்த போர்ட்டில் அனுப்பும் அனுமதிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அமைப்பில் போய் அதை ஆஃப் செய்யுங்கள்.

எழுத்துகள் வருகின்றன ஆனால் குப்பையாக வருகின்றன என்றால் வேகம் பொருந்தவில்லை. 9600, 115200 இரண்டையும் முதலில் முயன்று பாருங்கள், பெரும்பாலான சாதனங்கள் இந்த இரண்டில் ஒன்றில் இருக்கும். ஒன்றுமே வரவில்லை என்றால் அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் மாறியிருக்கலாம். போர்ட்டைத் திறந்ததும் ஆர்டுயினோ மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்குவது பழுதல்ல, திறக்கும்போது டிடிஆர் என்ற கம்பியின் நிலை மாறுவதால் அது ரீசெட் ஆகிறது.

கம்பிகளைத் தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஒன்பது முள் போர்ட்டில் ஓடுவது ஆர்எஸ்-232, அதில் மின்னழுத்தம் மைனஸ் 15 வோல்ட் வரையும் பிளஸ் 15 வோல்ட் வரையும் போகலாம். மைக்ரோகண்ட்ரோலர்களின் சீரியல் முள்கள் 3.3 அல்லது 5 வோல்ட்டில் வேலை செய்பவை. இரண்டையும் பேச வைக்க நடுவில் மேக்ஸ்232 போன்ற ஒரு மாற்றி சிப் வேண்டும். நேராக இணைத்தால் போர்டு எரிந்துபோகும், அதை எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது. ராஸ்பெர்ரி பை 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும், 5 வோல்ட்கூட அதற்கு ஆகாது. பை-யில் சீரியல் போர்ட்டைத் திறக்க ராஸ்பி-கான்ஃபிக் நிரலுக்குள் போய், லாகின் ஷெல் வேண்டுமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்றும், வன்பொருள் போர்ட் வேண்டுமா என்ற கேள்விக்கு வேண்டும் என்றும் சொல்லி ரீபூட் செய்யுங்கள். முதல் கேள்விக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டால், மேலே சொன்ன லாகின் சேவைச் சிக்கல் அங்கேயும் முளைக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் வரவில்லை என்றால் நான்கு வெளியீடுகளை அப்படியே எடுத்து அனுப்புங்கள்: கேபிளைச் செருகும்போது டிமெசேஜில் வந்த வரிகள், எல்எஸ்யூஎஸ்பி, டெவ் கோப்பின் மேல் எல்எஸ், உங்கள் ஐடி. மதர்போர்டு போர்ட் என்றால் முதல் இரண்டுக்குப் பதிலாக அந்தப் புரோக் கோப்பு. உங்கள் வார்த்தையில் சுருக்கிச் சொல்லாமல் வந்ததை வந்தபடியே வையுங்கள், தேவையில்லை என்று நீங்கள் வெட்டும் வரியில்தான் பல நேரம் விடை இருக்கும்.